மருமகன் கேட்ட மூன்றாவது வரமும் என் நான்கு சக்கரங்களும்

தாராஸ்,
வியாழக்கிழமை, பகல் தேநீருக்குப் பிறகு

கரகந்தாவில் காலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருக்கும், என் மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மூத்த சகோதரி பாகிலா அவர்களுக்கு,

தம்பி துர்லிபெக் தலைவணங்கி எழுதுவது. முதலில் தங்கள் ஆடு மாடுகள் சுகமா, அடுத்து அத்தான் சுகமா, அதற்கும் அடுத்துத் தங்கள் கால் சுகமா என்று முறைப்படி விசாரிக்கிறேன். இங்கே நானும் மனைவி ராபிகாவும் தங்கள் ஆசியால் நலம். மகள் அல்தினாய் நலம். பசு நலம். என் வண்டி மட்டும் நலமில்லை. அது இப்போது முற்றத்தில் விறகுக் கட்டைகளின் மேல், சக்கரம் இல்லாமல், மடித்து உட்கார்ந்த ஒட்டகம் மாதிரி இருக்கிறது. அதற்குக் காரணம் தாங்கள் பெற்ற பிள்ளை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொடங்கிய ஒரு வாக்கியத்தையும் தாங்கள் இந்த ஜென்மத்தில் முடிக்க விட்டதில்லை. நான் "எல்தோஸ்" என்று வாயெடுத்ததுமே "என் தங்கம் சாப்பிட்டானா" என்பீர்கள், "சக்கரம்" என்பதற்குள் அழுதுவிடுவீர்கள், அழுகிறவர்களிடம் நியாயம் பேச எனக்கு வராது. காகிதம் குறுக்கே பேசாது. ஆகவே மாலை ரயிலில் பயணிகள் பெட்டியைக் கவனிக்கும் ஊழியப் பெண்மணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே தங்கள் கைக்கு வந்துவிடும். வந்ததும் தங்கள் மகனைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். இதுவரை தாங்கள் என்று எழுதியது மரியாதைக்காக. இனிமேல் நீ என்றுதான் எழுதுவேன் அக்கா, கோபத்தில் தாங்கள் வரமாட்டேன் என்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். சனிக்கிழமை அல்தினாயைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் விருந்து. சம்பந்தி ஒமிர்பெக் கிஸில்ஒர்தாவிலிருந்து வெள்ளை வண்டிகளாக வரிசை கட்டிக்கொண்டு வருகிறார். பெண்ணைப் பெற்றவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும், அவள் திரும்பிப் பார்க்காமல் ஏற வேண்டும், அதன்பிறகு அவர்களாக அழைக்கும்வரை நாம் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அழைப்பு எப்போது வரும் என்று அழைக்கப் போகிறவர்களுக்கே தெரியாது. எனக்கு இருப்பதோ ஒரே மகள். அதனால் வசந்தத்தில் அவர்கள் பேசி முடிக்க வந்தபோது நான் வெட்கத்தை விட்டு ஒரு விண்ணப்பம் வைத்தேன். ஊர் எல்லைவரை என் வண்டியில் நானே அவளைக் கூட்டிப் போகிறேன், அங்கே பெட்ரோல் பங்கில் உங்கள் வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஒமிர்பெக் எழுந்து வெளியே போனார், ஊரே சுருட்டு என்று கூப்பிடும் என் நீளமான ஜெர்மன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், குனிந்து முன்சக்கரத்தை நகத்தால் சுரண்டினார், விரலை முகர்ந்து பார்த்தார். மனிதர் வாழ்நாள் முழுக்கக் கால்நடை மருத்துவராக இருந்தவர் அல்லவா.

"சம்பந்தி, இது சொறி. ஆட்டுக்கு வந்தா மருந்துத் தொட்டில முக்கி எடுப்போம். நாலு காலுக்கும் பரவியிருக்கே, கவனிக்கலையா?"

"அது அலாய் வீல் சம்பந்தி. பனிக்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டறாங்க இல்ல, அதுல உரிஞ்சு போச்சு."

"எதுவா வேணா இருக்கட்டும். மேலேருந்து படம் புடிக்க ஆள் வெச்சிருக்கோம். மருமக சொறி புடிச்ச வண்டில ஏறி வந்தான்னு எங்க ஊர்ல ஒருத்தன் சொல்லக் கூடாது. குணப்படுத்துங்க, தாராளமா ஓட்டுங்க. நான் குறுக்க நிக்கல."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். அந்த வண்டி அல்தினாயைவிட மூத்தது. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்ததே அதில்தான். நான் ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் பள்ளியில் சாலை விதி வகுப்பு எடுத்தவன், வண்டியைத் தவிர வண்டி சம்பந்தப்பட்ட எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டறைக்குத்தான் முதலில் போனேன். பட்டறைக்காரன் சக்கரத்தைப் பார்க்காமலே அடுத்த மாதம் வா என்றான். இலையுதிர்காலத்தில் ஊரில் எல்லா மாப்பிள்ளைக்கும் கல்யாணம், எல்லார் வீட்டு வீலும் அவனிடம்தான் கிடக்கிறது. சரி, நம் கையில் என்ன குஷ்டமா என்று நானே இறங்கினேன். பழைய பெயின்ட்டைக் கரைக்கும் மருந்தைப் பூசிக் குளியல் தொட்டியில் ஊறவைத்தேன். தொட்டியின் பெயின்ட்தான் முதலில் கரைந்தது. அடுத்து டிரில்லில் கம்பி பிரஷ்ஷை மாட்டி முற்றத்தில் வைத்துத் தேய்த்தேன், அலுமினியத் தூள் புகையாகக் கிளம்பியது, அந்தப் பக்கம் கொடியில் சீர்வரிசைக்குத் தைத்த பட்டு மெத்தைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும். ராபிகா வெளியே வந்து பார்த்தாள். எல்லா மெத்தையும் ஒரே சாம்பல் நிறம்.

"நான் பொண்ணுக்குச் சீரு குடுக்கறேனா, இல்ல வெல்டிங் பட்டறைக்குச் சாக்கு குடுக்கறேனா?"

தொடர்ந்து தேய்த்தேன். சொறி போனபிறகு காயங்கள் தெரிந்தன. எல்லாம் நடைபாதை ஓரக்கல்லில் உரசியவை. அதில் பாதி அல்தினாய் வண்டி பழகியபோது விழுந்தது, மீதிப் பாதி "இப்படித் திருப்பணும்மா" என்று நான் அவளுக்குச் செய்து காட்டியபோது விழுந்தது. எல்லாவற்றுக்கும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, பிரைமர் அடித்து, வெள்ளி நிறம் அடித்து, மேலே வார்னிஷ் அடித்தேன். டப்பாவில் சூட்டில் வைத்து இறுக்கவும் என்று எழுதியிருந்தது. வீட்டு ஓவனில் சக்கரத்தின் மூக்குகூட நுழையவில்லை. உடனே தெருமுனைக்குப் போய் கறிச் சம்சா சுடும் உஸ்பெக்காரன் தாஹிரைப் பிடித்தேன்.

"துர்லிபெக் அண்ணே, இது சம்சா தந்தூர்."

"நெருப்புக்கு என்ன தெரியும் தாஹிர், சம்சாவா சக்கரமான்னு?"

"நெருப்புக்குத் தெரியாதுண்ணே. சாப்பிடறவனுக்குத் தெரியும்."

இருந்தாலும் நல்ல மனுஷன், அன்றைய சம்சா முடிந்து தணல் அடங்கியதும் ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி உள்ளே இறக்கினான். அக்கா, நான் பெருமை பேசுகிறவன் இல்லை, ஆனால் வெளியே எடுத்தபோது அந்தச் சக்கரங்களில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல இருந்தது. ஒரே ஒரு குறைதான். தந்தூரில் வருடக்கணக்காக ஊறியிருந்த ஆட்டுக்கொழுப்பும் வெங்காயமும் சீரகமும் சேர்ந்து வார்னிஷுக்குள் புகுந்துவிட்டன. வண்டியை வெளியே எடுத்தால் தெரு நாய்கள் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்தன, சிக்னலில் நின்றால் சக்கரத்தை நக்கின. மறுநாள் தாஹிரின் சம்சா மினுமினு என்று இருந்ததாகவும், தொழுகை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் அதைப் பண்டிகைப் பலகாரம் என்று நினைத்து இன்னொன்று கேட்டு வாங்கியதாகவும் சொல்கிறார்கள். அதெல்லாம் சின்ன விஷயம். படத்தில் வாசனை தெரியாது.

இப்போது உன் பிள்ளைக்கு வருகிறேன். தாய்மாமன் வீட்டில் மருமகன் மூன்று தடவை எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும், இல்லை என்று சொன்னால் மாமனுக்குக் கை நடுங்கும், ஆடு சினை பிடிக்காது. இது உனக்குத் தெரியாததா, ஆனால் கோபத்தில் எழுதும்போது தெரிந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் முதல் வரத்துக்கு என் வேட்டை நாயைக் கேட்டான், கொடுத்தேன். தன் கல்யாணத்தன்று இரண்டாவதாக எங்கள் டிவியைக் கேட்டான், நாங்கள் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றிக்கொண்டு போனான், கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவது வரம் பாக்கி இருந்தது. அவன் இந்த வீட்டுப் படியேறும்போதெல்லாம் ராபிகா நல்ல சாமான்களை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை வந்தான். சனிக்கிழமை விருந்தில் மைக் பிடித்து நடத்திக்கொடுக்கப் போகிறவன் அவன்தானே, ஊர் ஊராகக் கல்யாணங்களில் பேசியே பிழைக்கிற வாய். வந்ததும் வண்டியைச் சுற்றினான்.

"மாமா, வீலா இது, நிலாவா? நாலு நிலாவ வெச்சுக்கிட்டு பேசாம இருக்கீங்களே."

"எல்லாம் நம்ம கைவேலைதான் மருமவனே."

"பாத்தா பசிக்குது மாமா."

உள்ளே விரிப்பைச் சுற்றி அக்கம்பக்கத்தார் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அல்தினாய் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் கரண்டியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அன்பான உறவுகளே, பெரியோர்களே. மருமகனாகிய நான், என் மாமன் வீட்டில், எனக்குரிய மூன்றாவதும் கடைசியுமான வரத்தை இப்போது கேட்கப் போகிறேன்." ராபிகா தேநீர் கொதிக்கும் சமோவாரை மெல்ல முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள். நான் பசுவை நினைத்துக்கொண்டேன். அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான்.

"எனக்கு அந்த நாலு சக்கரம் வேணும் மாமா. டயரோட."

என் வாய் இருக்கிறதே அக்கா, நம் அப்பா பழக்கிய வாய், அது என்னை ஒரு வார்த்தை கேட்காமல் "எடுத்துக்கோ மருமவனே, சந்தோஷமா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் தேநீரைக்கூட முடிக்காமல் ஜாக்கி எங்கே என்று கேட்டான், எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அல்தினாய் தலையைக் குனிந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. பாவம், குழந்தை அழுதாள்.

இரும்பு ரிம்மை மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். குளிர்கால இரும்பு ரிம்களைப் போன வருடமே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெல்டிங் அடித்து ராபிகா கொப்பரை அடுப்பாக்கிவிட்டாள். சனிக்கிழமை விருந்துக்குப் புலாவ் வேகப் போவதே அதன் மேல்தான். அதைப் பிரித்துக் கொடு என்று கேட்டேன். "பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நூறு பேருக்கு உங்க டிக்கியில சமைக்கட்டுமா?" என்றாள். அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, விடிந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அது உதிக்காமலே இருந்திருக்கலாம். நானும் ஒரு வீட்டுக்கு மருமகன்தானே. மெர்கேயில் நம் அம்மா பிறந்த வீட்டில் எனக்கும் ஒரு வரம் பாக்கி இருக்கிறதே. கிழவனான பிறகு ஒரு நல்ல குதிரையாகக் கேட்கலாம் என்று இத்தனை காலம் தொடாமல் வைத்திருந்தேன். மாமா போனபிறகு அந்த வீடு மச்சான் தோக்தாரிடம் இருக்கிறது. நேற்றுக் காலை பஸ் ஏறிப் போனேன். பாவம், எனக்காக ஆட்டைப் பிடிக்கப் போனான். நான் விடவில்லை. அவனுடைய ஜீப் வாசலில் நின்றது, சக்கரங்கள் புதுசு. நிமிர்ந்து நின்று, "மச்சான், என் கடைசி வரம். அந்த நாலு சக்கரம்" என்றேன். தோக்தார் வாயைத் திறந்தான், ஜீப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். நாலையும் கழற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி டிக்கெட் போட்டார்கள். வீட்டுக்கு உருட்டி வந்து மாட்டப் பார்த்தால், அக்கா, என் வண்டிக்கு நாலு போல்ட், அந்தச் சக்கரத்தில் அஞ்சு ஓட்டை. போனைப் போட்டேன்.

"மச்சான், இதுல அஞ்சு ஓட்டை இருக்கு."

"ஆமா மச்சான்."

"என் வண்டிக்கு நாலுதான்."

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சா அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீங்க வரம் கேட்டு நிக்கறீங்க. நான் 'ஆனா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் மறுத்த மாதிரி ஆயிடாதா? அந்தப் பழி எனக்கு எதுக்கு?"

திருப்பித் தருகிறேன் என்றேன். கொடுத்ததை வாங்கினால் அவன் குடும்பத்துக்கே கேவலமாம், மாட்டவே மாட்டேன் என்று வைத்துவிட்டான். ஆக இப்போது இரண்டு ஊரில் இரண்டு வண்டி கட்டை மேல் நிற்கிறது, எனக்கு ஒரு காலமும் குதிரை கிடைக்கப் போவதில்லை, ஜீப் சக்கரத்தின் மேல் ராபிகாவின் கோழி முட்டையிட்டிருக்கிறது. இன்று காலை ஒமிர்பெக் போன் செய்து "சொறி குணமாச்சா சம்பந்தி?" என்றார். பூரண குணம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, இங்கேயிருந்து பெட்ரோல் பங்க் ஒன்றும் தூரமில்லை. மெதுவாகப் போனால்கூடச் சீக்கிரம் வந்து தொலையும். அதற்குள் அவளிடம் என்னென்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். மாமியார் உப்புக் குறைச்சல் என்றால் எதிர்த்துப் பேசாதே, எஞ்சின் ஆயிலை நீயே எட்டிப் பார், புருஷனை நம்பாதே, குளிரில் தலையில் துணி இல்லாமல் வெளியே போகாதே. எனக்கு அவளை அனுப்ப மனசே இல்லை. ராபிகாவிடம் இதைச் சொன்னால் அவளும் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் யார் மாவு பிசைவது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். எல்லோரையும் போல வாசலில் நின்று கையாட்டிவிட்டு உள்ளே வந்து வெறும் வீட்டைப் பார்க்க என்னால் ஆகாது. ஒரு எல்லைவரைக்காவது கூடப் போறேன்னுதானே கேட்டேன், அதுகூட இந்தப் பயலுக்குப் பொறுக்கலையா? அவனுக்கு எதுக்கு அந்தச் சக்கரம்? அவன் ஓட்டறது ஜப்பான் வண்டி, அதுல மாட்டவே மாட்டாது. பெத்தவ நீ, நீ சொன்னா கேப்பான். மருமவன் வரத்தைத் திருப்பித் தரக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல, அம்மா அதட்டினா தரலாம். இல்லேன்னா மாமன் வீட்டு வாசலை இனிமே மிதிக்க வேண்டாம்னு சொல்லிடு. விருந்து முடிஞ்ச பிறகு மிதிக்க வேண்டாம்னு சொல்லு, மேடையில பேச வேற ஆள் கிடைக்கல.

மற்றபடி உன் கால் எலும்பு சீக்கிரம் கூடட்டும். அத்தானின் ஆடுகள் இரட்டை இரட்டையாய் ஈனட்டும். உன் வீட்டு அடுப்பு அணையாமலும் தேநீர் ஆறாமலும் இருக்கட்டும். உன் மகனைத் தவிர உன் வீட்டார் அனைவரும் நீண்ட ஆயுளோடு வாழட்டும். சரி, அவனும் வாழட்டும், சக்கரத்தைக் கொடுத்துவிட்டு வாழட்டும்.

இப்படிக்கு,
கட்டைமேல் நிற்கும் உன் தம்பி
துர்லிபெக்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்காதே. கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு எழுதிக் கை வலித்ததால் மனம் வரவில்லை. உறையை ஒட்டுவதற்குள் எல்தோஸ் வந்தான். நாலு சக்கரத்தையும் உருட்டிவந்து, சிவப்பு ரிப்பன் கட்டி, சீர்வரிசை மெத்தைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினான். அல்தினாய்க்குத் தன் கல்யாணப் பரிசாம், இனி அவள் சீரோடு சேர்ந்ததாம்.

"ஏண்டா, புதுப் பொண்ணுக்கு எதுக்குடா சக்கரம்?"

"மாமா, சீரைப் பொண்ணு வீட்டு ஆளுதானே கொண்டு போய் மாப்ள வீட்டு வாசல்ல இறக்கணும்?"

"ஆமா."

"நடுவழில வேற கைக்கு மாத்தக் கூடாதுல்ல?"

"கூடாது."

"இந்தச் சீரு உங்க வண்டில மாட்டியிருக்குமே. அப்ப பெட்ரோல் பங்க்ல எப்படி நிறுத்துவீங்க?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது பக்கத்திலிருந்த மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டேன். யாருடா உனக்கு இந்த மூளையைக் கொடுத்தது என்றேன். "நானா யோசிச்சேன்? உங்க பொண்ணுதான் கேக்கச் சொன்னா. நீங்களா குடுத்தா அது அப்பா சாமான், நான் வரமா வாங்கிக் குடுத்தாத்தான் யாரும் மறுக்க முடியாத சீருன்னு சொன்னா" என்றான். நோட்டரி அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண் அக்கா, அங்கே வேறென்ன கற்றுக்கொடுப்பார்கள். ராபிகா சம்பந்திக்குப் போன் போட்டாள். அவர், "சீருன்னு ஆயிட்டா நான் என்ன சொல்ல முடியும், கொண்டு வரட்டும்" என்றாராம்.

ஆகவே எல்தோஸைத் திட்டாதே, அவனுக்கு என் முத்தம். சனிக்கிழமை கிஸில்ஒர்தாவரை நானே ஓட்டுகிறேன், ஒரு பகல் பூராவும் என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். போய்ச் சேர்ந்ததும் சக்கரங்களைக் கழற்றி அவள் சீரோடு வைத்துவிட்டு நான் ரயிலில் திரும்பிவிடுவேன், வண்டி சம்பந்தி வீட்டு முற்றத்திலேயே நிற்கும். மகளைப் பார்க்க அழைக்காமல் போகக் கூடாதுதான், வழக்கத்தை நான் மீறப் போவதில்லை. ஆனால் பழைய வண்டி அக்கா, மாதத்துக்கு ஒரு தடவையாவது சொந்தக்காரன் போய்ப் பார்க்காவிட்டால் கெட்டுப்போகும்.